மாப்பிள்ளை வண்டிக்குப் பெயிண்ட்

செம்பூரில் ஒரு பெண் வீட்டார் என் வண்டியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, தகரம் ஒரு அங்குலம்கூட வெளியே தெரியக் கூடாது என்று பூக்காரரிடம் சொல்லிவிட்டார்கள். அவரும் சொன்னபடியே செய்தார். பானெட், மட்கார்டு, கதவு எல்லாம் பூ. முன்னால் ரேடியேட்டர் இருக்கிறதே, அதற்கும் மல்லிகைச் சரத்தில் கனமாக ஒரு திரை. ரேடியேட்டருக்குக் காற்று வேண்டும் என்று நான் சொன்னதை ஒருவரும் காதில் வாங்கவில்லை. கல்யாண வீட்டில் டிரைவர் பேச்சை யார் கேட்பார்கள்? நாதஸ்வரத்துக்குப் பின்னால், ஆள் நடக்கிற வேகத்தில், முதல் கியரிலேயே ஊர்ந்துகொண்டிருந்த வண்டி பாதி வழியில் கொதித்துவிட்டது. மூடியைத் திறந்தால் மல்லிகை வாசத்தோடு ஆவி. மாப்பிள்ளை கோட்டும் மாலையுமாக மிச்ச தூரத்தை நடந்தே போனார்.

அறுபதுகளின் நடுவில் நடந்தது இது. அப்போது தாராவியில் குடியிருந்தேன். என்னிடம் இருந்தது இந்த ஒரே ஒரு கார்தான். யுத்தத்துக்கு முன்னால் வந்த மாடல். மேல்கூரையைப் பின்னால் மடித்துவிடலாம். நான் டிரைவராக இருந்த வீட்டுக்காரர்கள் பம்பாயை விட்டுக் கிளம்பியபோது, இதை இனி யார் வாங்குவார்கள் என்று எனக்கே கொடுத்துவிட்டார்கள். மாட்டுங்காவில் ஐயர் வீட்டுக் கல்யாணங்களில் முதல் நாள் சாயங்காலம் ஜானவாசம் என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளையைத் திறந்த காரில் உட்கார வைத்து, கோவிலிலிருந்து மண்டபம் வரை மேளத்தோடு அழைத்துப் போவார்கள். புதுக் காரில் கூரை திறக்காது. வெளிநாட்டிலிருந்து வண்டி வருவதும் நின்றுபோயிருந்தது. ஆகவே என்னுடையது மாதிரியான கிழட்டு வண்டிக்கு மவுசு. என் வீட்டில் அடுப்பு எரிந்தது அந்த ஊர்வலங்களால்தான்.

வண்டியின் நிறம் ஒரு காலத்தில் நாவல்பழ நிறம். நான் சொல்கிற காலத்தில் அது நாவல்பழம், அடியிலிருந்த சிவப்பு பிரைமர், அதற்கும் அடியிலிருந்த தகரம் என்று மூன்று நிறமாகியிருந்தது. ஃபுட்போர்டிலும் பின் மட்கார்டுகளிலும்தான் தேய்மானம் அதிகம். காரணம், ஜானவாசக் காரில் மாப்பிள்ளை தனியாக உட்காருவதில்லை. இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் ஏறிக்கொள்வார்கள். சீட்டில், மடக்கின கூரைமேல், கதவுமேல், எங்கே கால் வைக்க இடம் இருந்தாலும் அங்கே. எத்தனை பேர் என்று எண்ணக் கூடாது என்பார்கள்.

வண்டியைப் பற்றி ஜனங்கள் சொன்னதையெல்லாம் நான் ஆசையாகக் கேட்டு வைத்துக்கொள்வேன். தேமல் விழுந்த கார் என்றாள் எங்கள் சந்துக் குழாயடியில் ஒரு அம்மாள். சயான் முனையில் நின்ற போலீஸ்காரர் கையைக் காட்டி நிறுத்தி, “யே காடி ஹை யா நக்‌ஷா?” என்றார். காரா இது, தேசப்படமா என்று கேட்கிறார்! அபராதம் எழுதாமல் அனுப்பிவிட்டார், சிரித்ததற்குக் கூலி போல. டீக்கடையில் ஒருவர், “அண்ணாச்சி, உம்ம வண்டி என்னவே சட்டையக் கழட்டிட்டு வருது?” என்றார். இந்த மாதிரிப் பேச்செல்லாம் என்னை உறுத்தவே இல்லை.

கல்யாண காண்ட்ராக்டர் பேசியதுதான் உறுத்தியது. சமையல், பந்தல், மேளம், கார் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு நடத்துகிறவர் அவர். மாட்டுங்கா வேலை எனக்கு வந்தது அவர் ஒருவர் மூலமாகத்தான். செம்பூர் கூத்து நடந்த மறுநாள் காலையில் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

“இதோ பாருப்பா. தாதர்ல ஒருத்தன் வெள்ளை வண்டி வெச்சிண்டிருக்கான். அதுல மொகம் பாத்துத் தலை வாரிக்கலாம். தை பொறக்கறதுக்குள்ள நீ பெயிண்ட் அடிச்சுடு. இல்லேன்னா அவனைத்தான் கூப்பிடுவேன். அப்பறம் எம்மேல வருத்தப்படாதே.”

அது கார்த்திகைக் கடைசி. எனக்கு வேலை இல்லாத மாதம் முக்கியமாக இரண்டு: ஆடியும் மார்கழியும். அந்த இரண்டிலும் கல்யாணம் கிடையாது. ஆடியில் பம்பாயில் மழை பிய்த்துக்கொண்டு ஊற்றும்; ஈரக்காற்றில் ஸ்பிரே அடித்தால் பெயிண்ட் சாம்பல் பூத்தாற்போல வெளுத்துவிடும். ஆக, மார்கழியை விட்டால் ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும்.

என் வீட்டுக்காரிக்கு இதில் யோசிக்க ஒன்றுமே இருக்கவில்லை.

“அடிச்சிர வேண்டியதுதான? என்னத்துக்கு மோட்டைப் பாத்துக்கிட்டு இருக்கீய?”

“புள்ளைங்க ஏறி மிதிக்குமே. ரெண்டு மாசத்துல பழையபடி ஆயிரும்.”

“அதுக்காவ தீவாளிக்குச் சட்டை எடுக்காம இருக்கியளா? அழுக்காவும்னு தெரிஞ்சிதான எடுக்கீய?”

மார்கழி பிறந்ததும் வண்டியைப் பெயிண்டரிடம் கொண்டுபோனேன்.

அவர் காயல்பட்டினத்துக்காரர். தாராவியில் மெயின் ரோட்டை ஒட்டி ஒரு கொட்டகை வைத்திருந்தார். நான் அவரைப் பாய் என்பேன். அவர் என்னை அண்ணாச்சி என்பார். அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. முழு வண்டிக்கு ஒரேயடியாக வேலை ஒப்புக்கொள்ள மாட்டார்.

“ஒரு பக்கம் அடிச்சி வெயில்ல நிறுத்துதேன். புதுசையும் பழசையும் சுத்திச் சுத்திப் பாருங்க. மனசுக்குப் பரோபர், சரிதான்னு பட்டா மறுபக்கம் அடிப்பேன். படலையா, உப்புத்தாளப் போட்டுச் சொரண்டிக் குடுத்துருதேன். பொறவு என்னையக் குத்தம் சொல்லக் கூடாது பாத்துக்கிடுங்க.”

வலப்பக்கத்தை எடுத்தார். சுரண்டினார், பட்டி வைத்தார், தேய்த்தார், மறுபடி தேய்த்தார். தூசி எழும்பாமலிருக்கக் கொட்டகைத் தரை முழுக்கத் தண்ணீர் தெளித்துவிட்டு ஸ்பிரே அடித்தார். பானெட் நடுவில் கீல் வைத்து இரண்டாகத் திறக்கிற பானெட். அதனால் எல்லை, வகிடு எடுத்த மாதிரி நேர் நடுவில் விழுந்தது. ஒரு பாதி பளபளக்கிறது. ஒரு பாதி தேமல். என் வீட்டுக்காரி வந்து பார்த்துவிட்டு, “நாவப்பழமா இது? கத்தரிக்கால்லா!” என்றாள். பாய்க்கு முகம் விழுந்துவிட்டது. எனக்கோ கண்ணை எடுக்க முடியவில்லை. கதவில் என் முகம் தெரிந்தது. வேர்வையோடு தெரிந்தது. அப்படியும் பிள்ளைகள் ஏறி மிதிப்பார்களே என்ற நினைப்பு போகவில்லை. இரண்டு நாள் போகட்டும் பாய் என்றேன்.

இரண்டு நாள் ஒரு வாரமாயிற்று. அதற்குள் தை பிறந்து முதல் வாரத்திலேயே ஒரு முகூர்த்தம் என்று காண்ட்ராக்டரிடமிருந்து ஆள் வந்துவிட்டது. இடப்பக்கத்தில் துரு ஆழமாக இருந்தது. தகர வேலை செய்து பெயிண்டும் அடிக்கப் பத்து நாளாவது ஆகும் என்றார் பாய். “வலப்பக்கமாவே ஓட்டிட்டு வாங்க” என்று சிரித்தார். நானும் ஏறக்குறைய அதைத்தான் செய்தேன். கோவில் வாசலில் இடப்பக்கம் சுவரோரம் ஒட்டிக்கொள்கிற மாதிரி வண்டியை நிறுத்திவிட்டேன். காண்ட்ராக்டர் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு, “பேஷ்!” என்று உள்ளே போனார்.

பூக்காரர் சரம் கட்டக் கயிற்றை எடுத்தார். கயிறு கீறுமே! என் துண்டை மடித்துக் கயிற்றுக்கு அடியில் கொடுத்தேன். சீட்டிலிருந்த பழைய போர்வையை எடுத்து வலப்பக்க மட்கார்டுமேல் போட்டேன். மாப்பிள்ளையின் அம்மா வந்து, “இதென்ன அழுக்குப் போர்வை?” என்று எடுத்துக் கீழே போட்டுவிட்டாள். வண்டியைச் சுவரிலிருந்து நகர்த்தியதும் பிள்ளைகள் ஏற ஆரம்பித்தார்கள். ஒவ்வொன்றையும், “அந்தப் பக்கம் போ ராஜா, அந்தப் பக்கம் போ கண்ணு” என்று இடப்பக்கமாக அனுப்பினேன். எல்லாம் அந்தப் பக்கமே ஏறி, வண்டி ஒரு சாய்வாகவே நின்றது.

ஊர்வலம் கிளம்பிற்று. ஸ்டியரிங் வலப்பக்கம், புது பெயிண்டும் வலப்பக்கம். நான் ரோட்டைப் பார்த்ததைவிடக் கதவைப் பார்த்ததுதான் அதிகம். கவனம் சிதறிக் கிளட்சை வெடுக்கென்று விட, வண்டி குலுங்கிற்று. மாப்பிள்ளை ஒருதரம், “டிரைவர், மெதுவா” என்றார்.

அவருடைய அக்கா பெண், ஆறு வயசு இருக்கும், பட்டுப்பாவாடையும் பக்கிள் வைத்த ஸ்கூல் ஷூவும் போட்டுக்கொண்டு என் கதவோரமாகவே நடந்து வந்துகொண்டிருந்தாள். மாமா பக்கத்தில் உட்கார வேண்டும் என்று அவளுக்கு.

“பாப்பா, அந்தப் பக்கமா ஏறும்மா.”

“அங்கே எடமே இல்லே.”

சொல்லிவிட்டு ஃபுட்போர்டில் ஒரு காலை வைத்து, மறு காலைத் தூக்கி மட்கார்டில் வைக்கப் போனாள். நான் கத்திவிட்டேன்.

“காலை எடு! பெயிண்ட் போயிரும்!”

போதாத காலம், நாதஸ்வரக்காரர் ஒரு உருப்படியை முடித்து அடுத்ததற்கு மூச்சு வாங்கிய நேரம் அது. தெரு முழுக்கக் கேட்டது. குழந்தை இறங்கி, அழுதுகொண்டே கூட்டத்துக்குள் ஓடியது. மாப்பிள்ளை “ஏய், நில்லுடி!” என்று எழுந்தார். மாலையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு கதவைத் தாண்டிக் குதித்து அவள் பின்னால் போய்விட்டார்.

மாப்பிள்ளை பாதியில் இறங்கலாமா? செம்பூர் மாப்பிள்ளையும் இறங்கினார்தான்; ஆனால் அங்கே எஞ்சின்மேல் பழி போட்டார்கள். இங்கே பழி என்மேல். இந்த மாப்பிள்ளையின் அம்மா தலையில் கையை வைத்துக்கொண்டாள். “கொழந்தையை வெரட்டி, மாப்பிள்ளையை நடுத்தெருவுல எறக்கிட்டானே! யார் இவனைக் கூட்டிண்டு வந்தது?” சித்தப்பாவோ பெரியப்பாவோ ஒருவர், “ஓய் காண்ட்ராக்டரே, இது மாப்பிள்ளை ஊர்வலமா, பெயிண்ட் ஊர்வலமா?” என்றார். நாலு பேர் சிரித்தார்கள். காண்ட்ராக்டர் சிரிக்கவில்லை. வேகமாக வந்து என் காதோரம் குனிந்தார்.

“அந்தக் கொழந்தை இந்த வண்டில ஏறலேன்னா, நீ இனிமே மாட்டுங்கா பக்கமே வர வேண்டாம்.”

எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கினேன். குழந்தை அம்மாவின் புடவையில் முகத்தைப் புதைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் மாப்பிள்ளை, கோட்டும் சூட்டுமாகக் குந்தி உட்கார்ந்திருந்தார்.

“பாப்பா, நான் கத்தினது தப்பு. வா, உனக்கு எங்கே இஷ்டமோ அங்கே ஏறிக்கோ.”

“பெயிண்ட் போயிடும்னியே?”

“போகட்டும்.”

“நெஜமா?”

வந்தாள். உடனே ஏறிவிடவில்லை. ஷூவின் முனையை மட்கார்டில் வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். கொஞ்சம் அழுத்தினாள், மறுபடி பார்த்தாள். அப்புறம் கதவைப் பிடித்து ஏறினாள். பக்கிள் கதவின்மேல் ஒரு சாண் நீளத்துக்குக் கோடு போட்டது. சத்தம் எனக்கு மட்டும் கேட்டது. அவளுக்குப் பின்னாலேயே இடப்பக்கத்தில் நெருக்கிக்கொண்டிருந்த நாலைந்து பிள்ளைகள் இந்தப் பக்கம் தாவிவந்தார்கள். வண்டி நேராக நின்றது. மாப்பிள்ளையின் அம்மா ஒரு தேங்காய் வாங்கிவரச் சொல்லி, சுற்றி உடைத்து, மகனைத் திரும்ப ஏற்றினாள். மேளம் ஆரம்பித்தது. மண்டபம் வரைக்கும் வண்டி ஒரு குலுக்கல் இல்லாமல் போயிற்று. பார்ப்பதற்குத்தான் கதவில் ஒன்றும் மிச்சமில்லையே.

மறுநாள் பாய் அந்தக் கோட்டை விரலால் தடவிப் பார்த்தார்.

“இத மட்டும் தொட்டு அடிக்க முடியாது அண்ணாச்சி. ஒட்டுத் தெரியும். கதவு முழுக்க மறுபடி அடிக்கணும்.”

“ஒவ்வொரு கல்யாணத்துக்கும் ஒரு கதவா? பாய், நானே தொட்டுக்கிற மாதிரி எது இருக்கு?”

“எது இருக்கு? எனாமல்தான் இருக்கு. பிரஷ்ஷால அடிக்கது.” சொல்லிவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார். “ஜன்னல் கம்பிக்கு அடிக்கதையா மோட்டாருக்கு அடிக்கப் போறீய? யாரும் கேட்டா எங் கடையை மட்டும் சொல்லிராதீய.”

அப்படித்தான் முடிவு செய்தேன். ஸ்பிரே அடித்த பாதி அப்படியே இருக்கட்டும், மறுபாதிக்கு எனாமல். வலப்பக்கத்தில் என்ன கீறல் விழுந்தாலும் அதற்கும் எனாமல். பாய் முணுமுணுத்துக்கொண்டேதான் துருவைச் சுரண்டிக் கொடுத்தார். கடையில் வாங்கிய சிவப்பில் கறுப்பும் துளி நீலமும் விட்டு நிறத்தைக் கலக்கி ஒரு டப்பா நிறையக் கொடுத்ததும் அவர்தான். மூன்று பகல் உட்கார்ந்து நானே அடித்தேன். கிட்டப் போய்ப் பார்த்தால் பிரஷ் ரோமத்தின் கோடு தெரியும். இரண்டு இடத்தில் வழிந்து துளியாகக் காய்ந்தும் இருந்தது.

காண்ட்ராக்டர் இந்தத் தடவை ஏமாறவில்லை. நான் எப்படி நிறுத்தியிருந்தாலும் சுற்றி வந்திருப்பார். இரண்டு பக்கத்தையும் பார்த்தார். இடப்பக்க மட்கார்டை நகத்தால் தட்டினார்.

“இந்தப் பக்கம் பளபளப்பு கொறச்சலா இருக்கே?”

“ஆமாங்க. ஆனா புள்ளைங்க ஏறலாம். எந்தப் பக்கம் வேணும்னாலும்.”

பையிலிருந்த சின்ன டயரியைப் புரட்டினார்.

“மாசில அஞ்சு முகூர்த்தம் இருக்கு. மூணு உனக்கு.”

மற்ற இரண்டும் தாதர் வெள்ளை வண்டிக்கு என்று தெரிந்தது. தேதிகளை மட்டும் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன்.