தப்பு விடைகளின் சொந்தக்காரி

கேள்வி முடியும்வரை பொறுத்திருக்கும் குணம் எனக்குப் பிறவியிலேயே இல்லை. வாத்தியார் வாயைத் திறந்தாலே என் கை மேலே போய்விடும். சில நேரம் கைக்கு முன்னால் வாய் போய்விடும். நாற்காலியில் ஒழுங்காக உட்கார்ந்ததாக எனக்கே ஞாபகம் இல்லை. மலேசியாவில் பெடாஸ் பக்கத்தில் எங்கள் செம்பனைத் தோட்டத்துப் பள்ளி. ஆறாம் ஆண்டில் நாங்கள் பதினாறு பேர். அதில் அதிகமாகப் பேசியதும் நான்தான், அதிகமாகத் தப்பாகப் பேசியதும் நான்தான்.

அந்த ஆண்டு எங்களுக்கு மலாய் சொல்லிக்கொடுக்க சிரம்பானிலிருந்து ஓர் இளவயது சார் வந்தார். தோட்டத்துக்குள் நுழைந்த முதல் கணினி அவர் கொண்டுவந்ததுதான். பச்சை எழுத்து ஓடும் திரை, சதுரமான பிளாப்பி, தாளை இழுத்துக்கொண்டு கிரீச்சிடும் பிரிண்டர். அதில் ஒரு புரோகிராம் இருந்தது. ஒரு கேள்வியையும் அதற்கு நாலு விடைகளையும் தட்டி, எது சரி என்று சொல்லிவிட்டால் போதும். அதுவே எல்லாவற்றையும் கலைத்துப்போட்டு ஒரு சோதனைத் தாளை அடித்துக் கொடுக்கும். நாங்கள் எழுதிய ஏ, பி, சி, டியை அவர் உள்ளே தட்டினால், புள்ளி போட்டு, முதல் ஆள் யார் கடைசி ஆள் யார் என்று வரிசையும் கொடுக்கும். தமிழ் எழுத்து மட்டும் அதற்குத் தெரியாது. அதனால் மலாய்ப் பாடத்துக்குத்தான் அது.

எங்களுக்கும் மலாய்தான் பயம். ஆண்டுக் கடைசியில் அரசாங்கச் சோதனை. மலாயில் தேறினால் நேரே இடைநிலைப் பள்ளியில் முதலாம் படிவம். தேறாவிட்டால் ஒரு வருடம் ரிமூவ் வகுப்பில் கிடந்துவிட்டுத்தான் முதலாம் படிவம். ஒரு வருடம் சும்மா நிற்பது என்றால் எனக்குச் சிறைக்குப் போவது மாதிரி. அதைவிட மோசம், என் தங்கை எனக்கு ஒரு வகுப்பு கீழே. நான் ரிமூவில் கிடந்து எழுந்து வருவதற்குள் அவளும் தேறி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவாள். ஒரு தோசையை அரை மணி நேரம் பிய்த்துத் தின்பவள் அவள். அவளோடு ஒரே வகுப்பில் உட்காருவதை நினைத்தாலே எனக்கு ஆத்திரமாக வந்தது.

சாருக்கு வேறு தலைவலி. சரியான விடை ஒன்றைப் போடுவது அவருக்குச் சுலபம். தப்பான மூன்றுக்குத்தான் திண்டாட்டம். அவர் சொந்தமாக யோசித்துப் போட்ட தப்புகள் பார்த்தவுடனே பல்லிளித்தன. எனவே ஒரு வழி கண்டுபிடித்தார். காலையில் கணினி முன்னால் உட்கார்ந்து எங்களிடம் ஒவ்வொரு கேள்வியாகக் கேட்பார். நாங்கள் தப்பாகச் சொல்வதையெல்லாம் உள்ளே தட்டிக்கொள்வார்.

மலாயில் பொருள்களை எண்ணும்போது பொருளுக்குத் தகுந்தபடி ஒரு சொல் சேர்க்க வேண்டும். குடைக்கு 'காக்கி'. நான் 'பாத்தாங்' என்றேன், குச்சி மாதிரி நீளமாக இருப்பதற்கு அதுதான் வரும் என்பதால். கடைசி பெஞ்சுப் பெண் குடையில் துணி இருக்கிறதே என்று துணிக்கு வரும் சொல்லைச் சொன்னாள். தோட்டத்துக் குமாஸ்தாவான கிராணியின் மகன், பழத்துக்கும் பெரிய பொருளுக்கும் வரும் 'புவா'வையே எதற்கெடுத்தாலும் சொல்வான். மூன்றும் கணினிக்குள் போயின.

"நல்ல தப்புலா இது," என்றார் சார் என்னைப் பார்த்து. "இதப் போட்டா எல்லாரும் விழுந்திருவாங்க."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. அப்புறம் இன்னும் வேகமாகச் சொல்ல ஆரம்பித்தேன். சரியாகச் சொன்னால் சத்தமே வராது, அது ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. தப்பாகச் சொன்னால்தான் டக டக என்று விசைகள் பேசும். நான் வாயைத் திறந்தால் பெரும்பாலும் அந்தச் சத்தம்தான். மாதக்கணக்கில் அதைக் கேட்டேன்.

மாதிரிச் சோதனை வந்தது. தாளைப் புரட்டினால் எல்லாம் தெரிந்த முகங்கள். ஏ நான் சொன்னது, வெட்டு. பி கடைசி பெஞ்சுக்காரி, வெட்டு. டி கிராணி மகன். யாருமே சொல்லாதது சி, அப்படியென்றால் அதுதான் சரி. கேள்வியைப் படிக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. எல்லாருக்கும் முன்னால் முடித்துவிட்டு, வெளியே போகலாமா என்று சாரை நச்சரித்தேன். பிரிண்டர் அடித்த வரிசையில் என் பெயர் முதலில் இருந்தது. செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டும் அப்பா அன்று சாயந்தரம் கடையில் இருந்தவர்களிடமெல்லாம் அதைச் சொன்னார். கம்பியூட்டரே சொல்லிவிட்ட பிறகு யார் மறுப்பார்கள்?

அரசாங்கச் சோதனையில் உட்கார்ந்து தாளைத் திறந்தேன். அதில் எந்த விடையையும் எனக்குத் தெரிந்த யாரும் சொன்னதில்லை. எங்கேயோ, யாரோ செய்த தப்புகள். யாருடையது என்று தெரியாமல் எதை வெட்டுவது? கால் ஆடியது, பென்சிலைக் கடித்தேன், கண்காணித்த டீச்சர் இரண்டு தடவை முறைத்தார். கடைசியில் எனக்குத் தெரிந்த ஒரே ஆளைப் பிடித்துக்கொண்டேன். நான் என்ன சொல்லியிருப்பேன்? படித்தவுடன் நாக்கில் வந்தது எதுவோ அதை முதலில் வெட்டினேன். பிறகு மிச்சத்தில் ஒன்றை எடுத்தேன்.

மலாயில் தேறவில்லை.

முடிவு வந்த அன்று சார் எங்கள் லயத்து வீட்டுக்கே வந்துவிட்டார், கையில் அந்த அரசாங்கச் சோதனையின் கேள்வித்தாளோடு. அவரால் நம்ப முடியவில்லை. அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டார். சார் விடைகளை மறைத்துக்கொண்டு கேள்வியை மட்டும் வாசித்தார். கத்தியை எண்ணுவதற்கு என்ன சொல்?

"பிலா," என்றேன், அவர் முடிப்பதற்குள்.

சரிதான். அடுத்ததைக் கேட்டார். அதுவும் சரி. அதற்கடுத்ததும் சரி. இரண்டு பக்கம் இப்படியே போனது. சொல்லச் சொல்ல எனக்கு உற்சாகமே வந்துவிட்டது, எதற்காக வந்திருக்கிறார் என்பதுகூட மறந்துவிட்டது. அவர் தாளை மடியில் போட்டார்.

"எல்லாம் தெரியுதே. அப்புறம் ஏன்மா இதப் போடல?"

"அதுதான் சார் மொதல்ல வந்துச்சு," என்றேன். "நான் மொதல்ல சொல்றது தப்புதானே?"

சார் தாளை மடித்துக்கொண்டார். அம்மா கொண்டுவந்த தேநீரைக் குடிக்காமலே எழுந்துவிட்டார். அன்று நான் அழவில்லை. கோபம்தான் வந்தது. அவர் மேலா, கணினி மேலா, என் வாய் மேலா என்று இன்றுவரை என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அடுத்த ஆண்டு என் தங்கையின் வகுப்பில் சார் யாரிடமும் தப்பு கேட்கவில்லை. தானே யோசித்துப் போட்டாராம். எல்லாம் பழையபடி பல்லிளித்தன, வகுப்பே முழுப்புள்ளி வாங்கியது என்று அவள் வந்து சொன்னாள். அரசாங்கச் சோதனையில் முதலில் தோன்றியதை எழுதிவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாளாம். தேறிவிட்டாள்.

முதலாம் படிவத்தில் அவளுக்கு என் பக்கத்து மேசை. முதல் நாளே மலாய் டீச்சர் ஏதோ கேட்டார். எனக்கு விடை உடனே வந்தது. கையைத் தூக்கவில்லை, மேசைக்கடியில் கால் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. தங்கை சாவகாசமாக எழுந்து நின்று, நான் நினைத்த அதையே சொன்னாள். சரி என்றார் டீச்சர்.