ருஷெனாவின் வீடு ஏலம் போன நாள்

ருஷெனா கூபிக் தன் வாழ்நாளில் இரண்டு பேரை இரத்தம் வர அடித்திருக்கிறாள். ஒருவன் கோழி திருட வந்தவன். இன்னொருவன் அவளுடைய தம்பி பொஹுமில்.

அமெரிக்காவின் நெப்ராஸ்கா சமவெளியில் இருந்த அந்த வீட்டையும் நிலத்தையும் மகள் பெயருக்கு எழுதிவிட்டு அப்பா செத்துப்போனார். சவப்பெட்டி முன்னறையில் இருக்கும்போதே பொஹுமில் அவளை அறைந்தான். அவள் அடுப்பைக் கிளறும் இரும்புக் கம்பியை எடுத்து வீசியதில் அவனுக்கு முன்பற்கள் இரண்டு போயின.

"ஒருநாள் இதே வீட்டை விலைக்கு வாங்கி உன்னை வெளிய தள்ளுறேனா இல்லையா பாரு" என்று துப்பிவிட்டு, ஒமாஹா நகரத்துக்கு மாடு வெட்டும் வேலைக்குப் போனான். இருபது வருஷம் இருவருக்கும் பேச்சில்லை.

அவளுக்குக் கல்யாணம் ஆயிற்று, கணவன் கதிரடிக்கும் இயந்திரத்தில் சிக்கிச் செத்தான். அந்த இயந்திரம் வாங்க வீட்டை அடமானம் வைத்த கடன் மட்டும் சாகவில்லை. முப்பதுகளின் பொருளாதார மந்தத்தில் சோளம் விலை விழுந்ததில், நிலக்கரி வாங்குவதைவிடச் சோளத்தையே அடுப்பில் போட்டு எரிப்பது மலிவு என்றாகிவிட்டது. இரண்டு வருஷத் தவணை நின்றது. அவகாசம் கேட்டு வங்கிக்குப் போனாள். "உன் சோகக் கதைக்கு இங்க வட்டி கிடைக்காதும்மா" என்றான் அங்கிருந்தவன். மேசையைக் கவிழ்த்துவிட்டு வந்தாள். ஏல அறிவிப்பு வேலிக்கம்பத்தில் ஒட்டப்பட்டது.

அன்று சாயங்காலமே பக்கத்துப் பண்ணை அலோயிஸ் வந்தார்.

"நாங்க பாத்துக்கிறோம், ருஷெனா. அஞ்சு காசு, பத்துக் காசுன்னு எங்க ஆளுங்க மட்டும் கேப்பாங்க. கேட்டு வாங்கினதை உங்கிட்டயே திருப்பிக் குடுத்துடுவோம்."

"வெளியாள் யாராவது கூடக் கேட்டா?"

"கேக்க மாட்டான். கேட்டா, ரெண்டாம் தடவ கேக்க வாய் இருக்காது. நீ ஒண்ணு மட்டும் செய். ஏலம் முடியிறவரை வீட்டைவிட்டு வெளிய வராத. வந்தா, பேசிவெச்சு செஞ்சோம்னு கேஸ் போட்டுருவாங்க."

அந்த வட்டாரத்தில் எல்லா ஏலங்களிலும் அதுதான் முறை. வீட்டுக்காரர்கள் உள்ளே இருப்பார்கள்.

ஏலத்தன்று பனி உருகி முற்றம் சேறாகக் கிடந்தது. இருநூறு பேர் நின்றார்கள். காற்றாலைக் கம்பத்தில் சுருக்குப் போட்ட கயிறு ஒன்று தொங்கியது. வங்கியின் வக்கீலை அதற்கு நேர் கீழே நிறுத்தியிருந்தார்கள். "கிடைக்கிற விலையை முழுக் கடனுக்கும் ஈடா ஏத்துக்கிறேன்னு இப்பவே கையெழுத்துப் போடுங்க சார், தலைக்கு மேல பாத்துட்டுப் போடுங்க" என்றான் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள். ஏலம் நடத்த வந்த ஷெரீப் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ருஷெனா சமையலறைத் திரைக்குப் பின்னால் நின்றாள். பசு ஐந்து காசு. கலப்பை பத்துக் காசு. கடைசியில் வீடும் நிலமும்.

"ஒரு டாலர்" என்றார் அலோயிஸ்.

"எண்ணூறு."

முன்பல் இல்லாத வாயிலிருந்து காற்றோடு வந்த குரல். இருபது வருஷம் கழித்தும் அவளுக்கு அடையாளம் தெரிந்தது. நகரத்துத் தொப்பியும் பருத்த உடம்புமாக நின்றவனை முற்றத்தில் வேறு யாருக்கும் தெரியவில்லை.

சொன்னதைச் செய்ய வந்துவிட்டான் என்று நினைத்தாள். கை கதவுத் தாழ்ப்பாளில் இருந்தது. திறந்து, "அவன் என் தம்பி" என்று மூன்று சொல் சொல்லியிருக்கலாம். திறக்கவில்லை.

முதல் அடி கோடரிக் காம்பால் விழுந்தது. பிறகு வரிசை இல்லை. ஒருவனை நாற்பது பேர் அடிக்கும்போது ஒவ்வொருவன் பங்குக்கும் கொஞ்சம்தான் வருகிறது. அந்தக் கொஞ்சத்தை எவனும் குற்றமாக எண்ணுவதில்லை. அவர்களைக் கோழைகள் என்று சொல்ல முடியாது. நல்லவர்கள் என்று சொல்லவும் எனக்கு அவசரமில்லை. அடுத்த ஏலம் தன் வீட்டில் என்று ஒவ்வொருவனுக்கும் தெரிந்திருந்தது.

சேற்றில் முகம் அழுந்திக் கிடந்தவன் தலையைத் தூக்கிக் கத்தினான். "அக்கா, இவங்ககிட்டச் சொல்லு. உனக்காகத்தான் ஏலம் கேக்குறேன்."

அவள் தாழ்ப்பாளை இழுத்து ஓடி வருவதற்குள் யாரோ அவன் முகத்தில் மிதித்துவிட்டார்கள். தாடை உடைந்த சத்தம் அவளுக்குக் கேட்டது.

"விடுங்கடா, என் தம்பிடா அவன்" என்று கையில் கிடைத்த வாளியால் முதுகுகளை அடித்து விலக்கினாள். கூட்டம் பின்வாங்கியது. அவனுடைய கிழிந்த கோட்டுக்குள்ளிருந்து கம்பளிக் காலுறை ஒன்று சரிந்து, நோட்டுகள் சேற்றில் விரிந்தன. பழைய, மடங்கிய, இரத்தக் கறை ஏறிய நோட்டுகள். ஒருவரும் குனியவில்லை.

அலோயிஸ் தொண்டையைச் செருமினார். "ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்திருக்கலாமே, தம்பி. நம்ம முறை தெரியாதா?"

"ஏலத்தப் பேப்பர்ல பாத்தேன்" என்றான் பொஹுமில். சொற்கள் இரத்தத்தில் குழைந்தன. "நியாயமா வெல குடுத்து வாங்கி அவ கையிலயே தரலாம்னு..."

அந்த ஊரில் நியாயமான விலை கேட்பவன்தான் எதிரி என்பது, வெளியே போய் இருபது வருஷமான ஒருவனுக்கு எப்படித் தெரியும்?

ஷெரீப் அவசரமாகச் சுத்தியலைத் தட்டினார். வீடு ஒரு டாலருக்குப் போனது. அலோயிஸ் பத்திரத்தை ருஷெனாவிடம் நீட்டினார். அவள் அதைத் தொடவில்லை.

"உள்ள வாடா. கட்டில்ல படு, டாக்டரக் கூப்பிடுறேன்."

அவன் அவளை ஒற்றைக் கண்ணால் பார்த்தான். மற்றது வீங்கி மூடியிருந்தது.

"எண்ணூறுன்னு சொன்னப்பவே என் குரல் உனக்குத் தெரிஞ்சுதா?"

பொய் சொல்ல நேரம் இருந்தது. "தெரிஞ்சுது" என்றாள்.

"அப்ப நான் உள்ள வரல."

இரண்டு பேர் அவனைத் தூக்க வந்தார்கள். அவன் வேலிக்கம்பத்தை இறுகப் பிடித்துக்கொண்டான். விரல்களை அவர்களால் பிரிக்க முடியவில்லை. ருஷெனா அவர்களைப் போகச் சொன்னாள். சேற்றில் உட்கார்ந்து அவன் தலையை மடியில் எடுத்து வைத்தாள். அதற்கு மட்டும் அவன் மறுப்புச் சொல்லவில்லை. வண்டிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. டாக்டர் வந்து அவன் தாடையைக் கட்டியதுகூட முற்றத்தில் வைத்துத்தான்.