வெள்ளிக்கிழமை டிரங்க் கால்

புதுச்சேரிப் பக்கம் வில்லியனூர் கொம்யூனில் ஒரு சின்னக் கடைத்தெரு. ஊர்ப் பெயர் வேண்டாம், சம்பந்தப்பட்டவர்கள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். அந்த ஊர்த் தபால் ஆபீசில் நான் குமாஸ்தா. எனக்கு இரண்டடி தள்ளி டெலிபோன் போர்டு. அதில் உட்கார்ந்து இணைப்புக் கொடுத்தவள் வசந்தா.

அவள் புருஷன் ஏகநாதன் இரும்புக் கடைக்காரர். கடையில் வாய் ஓயாது. வீட்டுக்கு வந்தால் 'சோறு போடு' என்பதோடு சரி. கல்யாணமாகிப் பத்து வருஷம் இப்படித்தான் போயிற்று என்று வசந்தாவே ஒருநாள் என்னிடம் சொன்னாள். மழை பெய்கிறது என்பதைப் போலத்தான் சொன்னாள்.

வெளியூரிலிருந்து டிரங்க் கால் வந்தால், மூன்று நிமிஷம் ஆனதும் ஆபரேட்டர் குறுக்கிட்டுச் சொல்ல வேண்டும். அதற்காக இடையில் காதை வைத்துப் பார்க்கலாம், அது விதி. முழுப் பேச்சையும் கேட்கக் கூடாது, அதுவும் விதி. வெள்ளிக்கிழமை மட்டும் வசந்தா இரண்டாவது விதியை மறந்துவிடுவாள். ஜும்ஆ தொழுகை முடிந்த பிறகு பம்பாயிலிருந்து ஜலாலுதீன், இங்கே இருந்த மனைவி சுரையாவைக் கூப்பிடுவார். துணி வியாபாரி. என்ன சாப்பிட்டாய், கால்வலி தேவலையா, நேற்று உன்னைக் கனவில் பார்த்தேன் என்று பேசுவார். வசந்தா ஹெட்போனை அழுத்திப் பிடித்துக்கொண்டு கேட்பாள். கழற்றும்போது முகம் கடுகடுவென்று இருக்கும்.

"ஒரு ஆம்பள இப்டி பேசுவானாண்ணா? அவளுக்கு இன்னா அப்டி ஒரு கொடுப்பினை?" என்பாள். பச்சைப் பொறாமை. அதை அவள் மறைத்ததே இல்லை.

எழுபத்தாறாம் வருஷம். எமர்ஜென்சி. மஃப்டியில் ஒரு போலீஸ்காரர் வந்தார். பம்பாயிலிருந்து வாராவாரம் போன் வருகிறதே, என்ன பேசுகிறார்கள் என்று எழுதிக் கொடுக்கச் சொன்னார். சனிக்கிழமைதோறும் வந்து தாளை வாங்கிக்கொண்டு போனார். இரண்டு மாதம் வசந்தா ஒரே வரிதான் எழுதினாள்: 'குடும்ப விஷயம்.'

ரம்ஜானுக்கு முந்தின வெள்ளிக்கிழமை ஜலாலுதீன் பேசினார். "இங்க கெடுபிடி ஜாஸ்தியா இருக்குது. பக்கத்து ரூம் வக்கீல புடிச்சினு போய்ட்டாங்க. பயமா இருக்குது சுரையா. ஒன் கொரலக் கேட்டாத்தான் தூக்கமே வருது. பெருநாளைக்கு வந்துட்றேன்."

அன்று காலையில்தான் ஏகநாதன், குழம்பில் உப்பில்லை என்று தட்டைத் தள்ளிவிட்டுப் போயிருந்தார். வசந்தா பேனாவை எடுத்தாள். 'பம்பாயில் கைதான வக்கீலோடு தொடர்பு உள்ளவர். அரசைக் குறை சொல்கிறார். ரம்ஜானுக்கு ஊருக்கு வருகிறார்.' எழுதியதை நான் பார்த்தேன். தடுத்திருக்கலாம். எனக்கு வேலை பெரிதாகத் தெரிந்தது, வாயை மூடிக்கொண்டேன்.

ஜலாலுதீன் ஊருக்கு வந்தார். பெருநாளுக்கு முந்தின நாள் அவரை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். போனில் அரசைக் குறை சொன்னார் என்றார்களே தவிர, எங்கே வைத்திருக்கிறார்கள் என்றுகூடச் சொல்லவில்லை.

நாலாம் நாள் சுரையா ஆபீசுக்கு வந்தாள். வெள்ளைத் துப்பட்டியைத் தலையில் இழுத்துப் போட்டிருந்தாள், அழுது அழுது கண் வீங்கியிருந்தது. நேரே போர்டிடம் போனாள்.

"அக்கா, நாங்க தப்பா ஒண்ணும் பேசலன்னு நீங்க எழுதிக் குடுக்கணும். வேற யாரக்கா எனக்கு சாட்சி?"

"நான் கனெக்‌ஷன் குடுக்கறதோட சரிம்மா. எதையும் கேக்கறதில்ல."

"நீங்க லைன்ல இருக்கறது எனக்குத் தெரியும்கா. அவரு சிரிக்க வெச்சா நீங்களும் சிரிப்பீங்களே. நமக்கு ஒரு அக்கா காவலுக்கு இருக்காங்கன்னு அவருகிட்டயே சொல்லியிருக்கேன்."

வசந்தா ஹெட்போனைக் கழற்றி வைத்தாள். பிறகு என்னிடம் ஒரு தாள் கேட்டாள். 'முழுப் பேச்சையும் கேட்டேன். அவர்கள் தவறாக எதுவும் பேசவில்லை. நான் முன்பு எழுதிக் கொடுத்தது பொறாமையால் எழுதியது.' கையெழுத்துப் போட்டுச் சுரையாவிடம் நீட்டினாள். சுரையா படித்தாள். தாளை மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

பன்னிரண்டு நாள் கழித்து ஜலாலுதீன் வீடு திரும்பினார். வசந்தாவுக்கு வேலை போயிற்று. அடுத்தவர் பேச்சை முழுதாகக் கேட்டது குற்றமாம். கேட்கச் சொன்னவர்களேதான் சொன்னார்கள்.

ஜலாலுதீன் அப்புறம் பம்பாய் போகவில்லை, கடைத்தெருவிலேயே துணிக்கடை போட்டார். சுரையா மத்தியானச் சாப்பாடு கொண்டுவந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பாள். அதற்கு எதிரிலேயே ஏகநாதனின் இரும்புக் கடை, வசந்தா புருஷனுக்கு ஒத்தாசையாக அங்கே உட்கார்ந்திருப்பாள். ஒருநாள் ஆணி வாங்கப் போனேன். அவள் கண் எதிர்க்கடையில்தான் இருந்தது.

"இன்னுமா வசந்தா?" என்றேன்.

"இப்பவும் வயிறு எரியத்தான் எரியுதுண்ணா," என்றாள். "அத எழுதச் சொல்லி வாங்கினு போவத்தான் ஆளில்ல."