காளியம்மா பேரில் ஒரு கைப்பிடி

எங்கள் ஊரில் கோயிலுக்குள் நுழையுமுன் செருப்பைக் கழற்றுவோம். இங்கே அட்டையைக் கழற்ற வேண்டும். மழைக்காலச் சாயங்காலங்களில் ஏலக்காட்டிலிருந்து வரும் பெண்கள் என் ஜெபக் கொட்டகை வாசலில் நின்று, காலில் ஒட்டிய அட்டைகள் மேல் புகையிலை எச்சிலைத் துப்பி, அவற்றை உதிர்த்துவிட்டுத்தான் உள்ளே வருவார்கள். அதுவும் வருகிற நாளில்தான். வராத நாளில் நானே பாடி, நானே ஜெபித்து, ஆமெனையும் நானே சொல்லிவிட்டு விளக்கை அணைப்பேன். திருநெல்வேலித் தேரிக்காட்டுச் செம்மணலில், பனைகளுக்கு நடுவே பிறந்தவள் நான். அங்கே ஒரு தூறல் விழுந்தால் தெருவே வாசலுக்கு வந்துவிடும். போடிமெட்டுக்கு இப்பால், இந்தக் கேரளத்து மலைக்கு வந்த பிறகு, காய்ந்த சேலை ஒன்று கிடைத்தால் அன்றைக்கு எனக்குப் பண்டிகை.

நான் ஊழியக்காரி. தோட்டத்துக் கூலிவீட்டு வரிசைகளான லயங்களுக்கு ஒவ்வொன்றாகப் போய்ப் பெண்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பதும், வேதம் சொல்வதும், நோயாளிகள் பக்கத்தில் உட்கார்ந்து ஜெபிப்பதும் என் வேலை. தோட்டத்துச் சனம் என்னை வேதக்காரம்மா என்கிறது. மலையாளிகளுக்கு நான் டீச்சர். ஊரில் என்னை எஸ்தர் என்பார்கள்; அந்தப் பெயரை இங்கே யாரும் சொல்லிக் கேட்டதில்லை. என்னை அனுப்பியவர்கள் எங்கள் சபைப் பெண்கள். உலையில் போட அரிசி அளக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி எடுத்துத் தனிப் பானையில் போடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை அதைக் கோயிலில் கொண்டுவந்து கொட்டுவார்கள். அதை விற்றுத்தான் என் சாப்பாடு நடக்கிறது. அதனால் நான் சும்மா உட்கார்ந்திருக்கிற நாளில் சோறு தொண்டையில் இறங்காது.

ஆனால் காட்டுவதற்கு என்னிடம் என்ன இருக்கிறது? காய் பறிப்புக் காலத்தில் போடிப் பக்கத்துப் பெண்கள் மேலே வருவார்கள். பறிப்பு முடிந்தால் இறங்கிவிடுவார்கள். அடுத்த பருவத்தில் வேறு முகங்கள். மறுபடியும் ஆனா, ஆவன்னா. என் இத்தனை வருட ஊழியத்தில் ஒருத்தியும் ஈயன்னாவைத் தாண்டவில்லை, ஒருத்தியும் ஞானஸ்நானம் பெறவில்லை.

பக்கத்து வீட்டு ஏலிக்குட்டி பாலா என்ற ஊரிலிருந்து குடியேறியவள், கப்பை என்கிற மரவள்ளியும் மிளகும் போட்டுப் பிழைக்கிற குடும்பம். நான் வந்த புதிதில் ஒரு நாள் வேலியோரம் நின்று, "டீச்சர்க்கு ஆரும் இல்லே?" என்று கேட்டாள். ஜெபத்துக்கு யாரும் வரவில்லையா என்று கேட்கிறாள் என நினைத்து, "ஆரும் இல்ல" என்று பெருமூச்சோடு சொல்லிவிட்டேன். அவள் கண் கலங்கிவிட்டது. அன்றிலிருந்து நான் அவளுக்கு அநாதை. வேகவைத்த கப்பையும் மீன்கறியும் வேலி தாண்டி வரத் தொடங்கின. எனக்கு அண்ணன் இருக்கிறான், அவன் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று பிறகு எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன். பாவம், மானத்துக்காகச் சொல்கிறாள் என்று தலையாட்டிக்கொள்கிறாள். மழை ஓயாத சில நாட்களில் அவள் நினைப்பதுதான் சரியோ என்று எனக்கே தோன்றிவிடும்.

ஒரு பருவத்தில் பேச்சியம்மா என்பவள் கைக்குழந்தையோடு பறிப்புக்கு வந்தாள். குழந்தையின் பெயர் காளியம்மா. கொட்டகையில் என் மடியில் கிடந்து, நான் பாடினால் என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கும். அவ்வளவு கவனமாக என்னை யாரும் கேட்டதில்லை. ஒரு காலையில் குழந்தைக்குக் காய்ச்சல். மூச்சிழுக்க விலா உள்ளே போய் வந்தது. தோட்டத்துக் கம்பவுண்டர் ஊரில் இல்லை. ஏலக்காய் மூட்டை ஏற்றிய ஜீப்பை மறித்து, மூட்டைகளுக்கு நடுவே நானும் பேச்சியும் உட்கார்ந்து போடிக்கு இறங்கினோம். வளைவுக்கு வளைவு குழந்தையின் மூக்கில் விரலை வைத்துப் பார்த்துக்கொண்டே ஜெபித்தேன். ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுப் படுக்க வைத்தார்கள். சாயங்காலம் பேச்சியின் தம்பி வந்தான். "நீங்க போங்கம்மா, நாங்க பாத்துக்கிறோம். எப்படி இருக்குன்னு சொல்லி அனுப்புறேன்" என்றாள் பேச்சி. நான் மலையேறிவிட்டேன்.

சொல்லி அனுப்பவே இல்லை. அடுத்த பருவத்தில் அவள் வரவும் இல்லை. கங்காணியிடம் கேட்டால், "எந்தப் பேச்சிம்மா? கூப்பிட்டா எட்டுப் பேச்சி திரும்புது" என்கிறார். ஊருக்குப் போகிற வழியில் போடியில் இறங்கி ஆஸ்பத்திரியில் விசாரித்தேன். போன வருஷத்துப் பிள்ளையையா தேடுகிறீர்கள் என்று என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள்.

அந்தப் பயணம் அசனப் பண்டிகைக்கு. எங்கள் பக்கத்தில் சபை முழுவதும் சேர்ந்து பொங்கி, சேர்ந்து உண்ணும் திருநாள் அது. ஊழியக்காரர்கள் எழுந்து சாட்சி சொல்வது வழக்கம். எனக்கு முன்னால் பேசியவர் தம் ஊழியத்தில் சேர்ந்த குடும்பங்களை அடுக்கிக்கொண்டே போனார். பந்தலே அல்லேலூயா என்றது. என் முறை வந்தது. காளியம்மா பிழைத்தாள், அவள் தாய் விசுவாசியானாள் என்று முடிக்க நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஒருவேளை அது உண்மையாகவும் இருக்கலாமே! ஆனால் எதிரே கைப்பிடி எடுத்த பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். "பிள்ளையை ஆஸ்பத்திரியில் விட்டுவந்தேன். அப்புறம் தெரியாது" என்று சொல்லி உட்கார்ந்தேன். ஒரு சின்ன அல்லேலூயாகூடக் கிடைக்கவில்லை. குருவானவரின் மனைவியை நாங்கள் ஐயரம்மா என்போம். அவர்கள் என் பக்கத்தில் வந்து, "பேசாம இங்கயே வந்துரு எஸ்தர். பள்ளிக்கூடத்துல சின்னப் பிள்ளையளுக்கு டீச்சர் வேணும். அங்க இருந்து என்னத்தக் கண்ட?" என்றார்கள். அன்பாகத்தான் சொன்னார்கள். நானும் மனதுக்குள் சரி சொல்லிவிட்டேன். காய்ந்த சேலையும், என் பெயர் சொல்லிக் கூப்பிட ஆளும் எனக்கு வேண்டியிருந்தன.

பந்தியில் என் பக்கத்து இலையில் அன்னபாக்கியம் உட்கார்ந்தாள். பனையேறியின் மனைவி, பதநீர் காய்ச்சிக் காய்ச்சிக் கை கருத்தவள். சோற்றைப் பிசைந்துகொண்டே, "ஏ எஸ்தர், அந்தப் பிள்ளைக்குப் பேரு என்ன?" என்றாள்.

"காளியம்மா."

பிசைந்த கை நின்றது. கோயில் கோபுரத்தை ஒரு தடவை அண்ணாந்து பார்த்தாள். "காளியம்மாளா? சரி, இருக்கட்டும். கைப்பிடி எடுக்கையில சொல்லி ஜெபிக்கதுக்கு ஒரு பேரு வேணும்லா. இம்புட்டு நாளும் மலை ஊழியம், மலை ஊழியம்னு பொத்தாம்பொதுவாச் சொல்லுதேன்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "செத்துப்போயிருந்தா?"

"செத்துட்டுன்னு உங்கிட்ட ஆரு வந்து சொன்னா? நாம பேரு சொல்லுத மட்டுக்கும் உசுரோட உள்ள பிள்ளதான். சோத்தத் தின்னு."

நான் அவள் கருத்த கையையே பார்த்தேன். இவள் மலையைப் பார்த்ததில்லை. ஏலச்செடி குட்டையா நெட்டையா என்று தெரியாது. தன் வீட்டுப் பானையே அரை வயிறாக இருந்த நாட்களிலும், கண்ணால் காணாத ஓர் இடத்துக்கு அரிசி எடுத்துப் போட்டிருக்கிறாள். பலன் எங்கே என்று ஒரு நாளும் கேட்டதில்லை. நான்தான் ஒரே ஒருத்தி இருட்டில் நிற்பதுபோல் இத்தனை காலமும் அழுதுகொண்டிருந்திருக்கிறேன். வெட்கமாகவும் இருந்தது, கொஞ்சம் துணையாகவும் இருந்தது. மறுநாள் ஐயரம்மாவிடம் போய், மலைக்கே திரும்புகிறேன் என்று சொன்னேன்.

தனிமை போய்விட்டது என்று நினைக்காதீர்கள். அண்ணன் வீட்டில் "ஊருக்கு எப்பப் போற?" என்று கேட்கிறார்கள், அவர்கள் சொல்வது இந்த மலையை. இங்கே வந்தால் "நாட்டில் எப்போழா டீச்சரே?" என்கிறாள் ஏலிக்குட்டி, அவள் சொல்வது தேரிக்காட்டை. இரண்டு பக்கத்திலும் நான் புறப்பட வேண்டியவள். என்னைப்போல் எங்கோ ஒரு மூலையில், ஆளில்லாத கொட்டகையில் விளக்கேற்றிக்கொண்டிருக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: பலனைக் காண்கிற பாக்கியம் நமக்குக் கிடைக்காமலே போகலாம். அதற்காக விளக்கை நிறுத்திவிடாதீர்கள். முடித்துவைப்பது ஆண்டவருடைய பாடு. தொடர்ந்து செய்வதுதான் நம் பாடு.

நேற்று புதுப் பருவத்தின் முதல் ஜீப்புகள் வந்தன. பெண்களும் கூடைகளும் குழந்தைகளுமாக மழையில் இறங்கினார்கள். போடியில் விட்டுவந்த பிள்ளைக்கு இப்போது ஓடுகிற வயது இருக்கும். கூட்டத்தைப் பார்த்து, "காளியம்மா!" என்று கூப்பிட்டேன். இரண்டு சிறுமிகள் திரும்பிப் பார்த்தார்கள். இரண்டு பேரும் அவளில்லை. தேரிக்காட்டில் அன்னபாக்கியம் கைப்பிடி எடுத்து உலை வைக்கிற நேரம் அது. "வாங்கடி" என்று சொல்லி, இரண்டு பேரையும் கொட்டகைக்குள் கூட்டிக்கொண்டுபோய் ஈரத் தலையைத் துவட்டிவிட்டேன்.