தங்கையன் ஒட்டிய லேப்டாப்

திருவிடைமருதூரைச் சுற்றி எந்த வயலில் மோட்டார் மக்கர் பண்ணினாலும் தங்கையனைத்தான் கூப்பிடுவார்கள். கையில் ஸ்பேனர் இருக்கும். ஆனால் மனுஷன் நம்பியது எம்சீல் பசையை. பைப்பில் ஓட்டையா, எம்சீல். குடத்தில் விரிசலா, எம்சீல். மூக்குக்கண்ணாடிக்கும் அதுதான் வைத்தியம். ஒட்டிய நாளிலிருந்து கண்ணாடி ஒரு பக்கமாகத்தான் உட்காருகிறது.

அப்படிப்பட்டவர் கையில் மகளின் லேப்டாப் சிக்கியது. பள்ளிக்கூடத்தில் அரசாங்கம் இலவசமாகக் கொடுத்தது. கல்யாணமாகிப் போகும்போது விட்டுவிட்டுப் போயிருந்தாள். கீல் விரிசல் விட்டு, திரை பின்னால் பின்னால் சாய்ந்தது. சாய்ந்தால் படம் அணைந்துவிடும்.

அந்த லேப்டாப்பில் இருந்த ஒரு வீடியோவில்தான் தங்கையனின் பிழைப்பே இருந்தது. முப்பது வருஷமாகக் குத்தகைக்கு உழும் ஐந்து மா நிலத்தைத் தானே சாகுபடி செய்வதாக நிலத்துக்காரர் பஞ்சநதம் தாலுகா ஆபீசில் எழுதிக் கொடுத்துவிட்டார். மறுநாள் அங்கே விசாரணை. ரசீது கொடுக்கும் வழக்கமெல்லாம் அவரிடம் கிடையாது. ஆனால் மகள் எடுத்த நடவு வீடியோவில் பஞ்சநதம் வரப்பில் நின்று, "தங்கையா, குத்தகை நெல்லு ஒரு மரக்கா கொறைஞ்சாலும் வாங்க மாட்டேன்" என்று முழங்குவார்.

கும்பகோணத்துக் கடையில் ஒரு வாரம் ஆகும் என்றார்கள். தங்கையன் திரையை நிமிர்த்தி, கீலைச் சுற்றி எம்சீலை அப்பிவிட்டார். காலையில் பார்த்தால் கல்லாக இறுகியிருந்தது. திரை சாயவில்லை. மூடவும் இல்லை.

"மூடி வச்சு ஒட்டியிருக்கக் கூடாதா?" என்றாள் மனைவி அம்சம்.

"அப்பறம் எப்படிடி தொறக்கிறது?"

திறந்த லேப்டாப்பைச் சீர்த்தட்டு மாதிரி ஏந்திக்கொண்டு டவுன் பஸ்ஸில் ஏறினார். "படம் போடுங்கண்ணே" என்றார்கள் பஸ்ஸில் இருந்தவர்கள். போட்டார். முன் சீட்டில் பஞ்சநதம் உட்கார்ந்திருப்பதைக் கண்டதும், வேண்டுமென்றே இன்னும் இரண்டு தடவை போட்டார்.

"நாத்து நட்ட ஈரம் காயல, அதுக்குள்ள நெல்லு கேக்குறாரே! என்ன மனுஷன்!" என்று ஒருத்தி சொல்ல, பஸ்ஸே சிரித்தது. பஞ்சநதம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

ஆபீஸ் வாசலில் சார்ஜ் தீர்ந்து திரை இருண்டது. சார்ஜர் வீட்டில். வீம்புக்குப் படம் காட்டி நிலத்தைத் தொலைத்தோமே என்று தங்கையனுக்கு அழுகையே வந்தது. ஆனாலும் செத்த திரையைத் தன் பக்கம் வைத்துக்கொண்டு போய் நின்றார்.

அதிகாரியம்மா ஃபைலைத் திறப்பதற்குள் பஞ்சநதம் பொங்கி எழுந்தார். எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்ற கதைதான்.

"அம்மா, அந்தப் படத்தைப் பாத்துட்டு என்னைக் கல்நெஞ்சக்காரன்னு நெனச்சிடாதீங்க. வாங்க மாட்டேன்னது சும்மா பேச்சுக்கு. வெள்ளம் வந்த வருஷங்கூட இவன் அளந்த குத்தகையைக் கொறையா வாங்கிக்கிட்டவன் நான். கேட்டுப் பாருங்க இவனை!"

"எத்தனை வருஷமா வாங்குறீங்க?"

"முப்பது வருஷமாங்க!" என்றார் பஞ்சநதம், நெஞ்சை நிமிர்த்தி.

அதிகாரியம்மா அதை அப்படியே எழுதி, கையெழுத்துக்கு அவர் பக்கம் நகர்த்தினார்.