அஸருக்கு வரும் சூடு

கல்முனைக்குடியில் நெல் அவித்து விற்கும் றஹீமாவுக்கு வாய் கொஞ்சம் நீளம். ஈர நெல்லை எவனாவது தலையில் கட்டப் பார்த்தால் தெருவே கூடிவிடும். அப்படிப்பட்ட மனுஷி, பின்னேரத் தொழுகைக்கான அஸர் பாங்கு கேட்டதும் பெட்டிப்பாம்பாக அடங்கிப்போவாள்.

தொண்ணூறாம் ஆண்டுக் குழப்பத்தில் வயலுக்குப் போன அவள் புருஷன் மக்கீன் திரும்பவில்லை. அடக்கம் செய்ய மையித்தும் கிடைக்கவில்லை. புருஷனை இழந்தவள் வெள்ளை உடுத்தி வீட்டுக்குள் ஒதுங்கியிருக்கும் இத்தாவை இருக்கும்படி ஊரார் சொன்னபோது, உயிரோடிருப்பவருக்கு எதற்கு இத்தா என்று எரிந்து விழுந்தாள். ஏழெட்டு வருஷம் கழித்து, அஸர் நேரங்களில் அவள் பிடரியில் சூடு ஏறத் தொடங்கியது. நெல் அவிக்கும் அடுப்புச் சூடு முகத்தில் அடிக்கும்; இது பின்னாலிருந்து வந்தது, யாரோ நெருங்கி நின்று மூச்சு விடுவதுபோல. வயலிலிருந்து வந்தால் மக்கீன் அப்படித்தான் நிற்பான். றஹீமா திரும்பிப் பார்க்கமாட்டாள். பின்கதவைத் திறந்துவிட்டு, பிளேன்டீ ஊற்றி வைப்பாள். சந்தோஷமாகத்தான் இருந்தாள், பாவம்.

சவூதியிலிருந்து வந்த மகள் ஸப்னா இதைக் கண்டு பயந்துபோனாள். மாதவிடாய் நிற்கும் வயதில் வரும் சூடு இது என்று சொல்லி, சோயாப் படம் போட்ட மாத்திரைப் போத்தல் ஒன்றை நீட்டினாள். விழுங்கினால் அவர் வராமல் போய்விடுவாரோ என்று றஹீமா அதைத் திறக்கவேயில்லை. மறுநாள் காலையில் போத்தலோடு மருந்துக்கடைக் காலிதீனிடம் போனாள்.

காலிதீன் லேபிளைப் படித்துச் சொன்னார். சோயாவில் இருக்கும் ஐசோஃப்ளேவோன் என்ற பொருள் இது. மருந்தல்ல, சாப்பாட்டோடு சேர்க்கிற துணை. பெண் உடம்பில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் வயதாகிக் குறைந்தால் சூடு கிளம்பும். இது அதன் சாயலில் இருப்பதால், அதுதான் என்று நம்பி உடம்பு இடம் கொடுக்கும். ஆனால் வலு குறைவு. சிலருக்குக் கேட்கும், அதுவும் வாரக்கணக்கில், சிலருக்கு ஒன்றுமேயில்லை. மார்பில் கட்டி ஏதும் இருந்தால் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது என்றும் சொன்னார்.

றஹீமாவின் மனம் சாயல் என்ற சொல்லிலேயே நின்றுவிட்டது.

"அப்ப தம்பி, ஆள் மாறி வந்தாலும் உடம்புக்கு விளங்காதா?"

"விளங்காது ராத்தா. சாயல் ஒண்டா இரிந்தாக் கதவத் துறந்திரும்."

இத்தனை நாளும் முகம் பார்க்காமல் யாரை உள்ளே விட்டோம் என்று நினைத்தபடி வெயிலில் வீட்டுக்கு விரைந்தாள். வந்ததும் மாத்திரை ஒன்றை விழுங்கினாள்.

"வெள்ளச் சீலை எடு மகள். வாறது உங்கட வாப்பா இல்ல, அவரு மவுத்தாயிட்டாரு. நான் இத்தா இரிக்கப் போறன்."

ஸப்னா அழுதாள். றஹீமா பின்கதவைத் தாழிட்டுவிட்டு, வெள்ளை உடுத்தி அறைக்குள் போய் உட்கார்ந்தாள்.

அஸர் பாங்கு கேட்டது. பிடரியில் சூடு ஏறியது.

இத்தா இருப்பவளை அந்நிய ஆண் பார்க்கக்கூடாது. றஹீமா சீலையை இழுத்துத் தலையையும் பிடரியையும் மூடிக்கொண்டாள்.