திரும்ப ஒரு தடவை அனுப்புங்க

என் குரல் எனக்கே பிடிக்காமல் போன காலம் ஒன்று உண்டு. அப்போது தொலைபேசியில் வந்த எல்லோரிடமும் ஒரே வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டிருந்தேன். "நெட் ஸ்லோவா இருக்கும், திரும்ப ஒரு தடவ அனுப்புங்க." சொல்லிவிட்டு வைத்துவிடுவேன். மறுமுனையில் ஆள் பேசி முடித்தாரா என்றுகூடப் பார்த்ததில்லை.

தல்லாகுளத்தில் கோர்ட்டுக்குப் போகிற வழியில், ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் என் அலுவலகம். ஒரு மேஜை, இரண்டு கணினி, நான். கல்யாண மண்டபம், ஜவுளிக்கடை என்று யார் கேட்டாலும் இணையதளம் செய்து கொடுப்பேன். அப்படித்தான் நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியின் வேலை வந்தது. ஆய்வுக்கூட உதவியாளர் பணிக்கு முதல்முறையாக ஆன்லைனில் விண்ணப்பம் வாங்கப் போகிறார்கள். அதற்கான பக்கங்களை நான் எழுத வேண்டும்.

கல்லூரி அலுவலக சூப்பிரண்டு கறாரான மனிதர். விதிமுறைகளைக் கைப்பட எழுதித் தந்தார். ஏழாவது விதி, ஒருமுறைக்கு மேல் விண்ணப்பித்தவரின் எல்லா விண்ணப்பங்களும் தள்ளுபடி. இரண்டாவது தடவை வருபவரை வாசலிலேயே தடுத்துவிடலாமே சார் என்றேன்.

"தடுக்காதீங்கம்மா. சொன்ன பேச்சக் கேக்காதவன் யாருன்னு தெரியணும்ல" என்றார்.

அந்த விதியைத் தடித்த எழுத்தில் போடச் சொன்னார். போட்டேன். என் கையால் தட்டச்சு செய்த வரி அது.

வேலை ஒன்றும் பெரிய கம்பசூத்திரமில்லை. விண்ணப்பதாரர் பொத்தானை அமுக்கியதும் ஒரு கோப்பு அவருடைய விவரங்களை வாங்கிச் சேமிக்கும். சேமித்த கையோடு, 'விண்ணப்பம் கிடைத்தது, உங்கள் எண் இன்னது' என்று காட்டும் இன்னொரு பக்கத்துக்கு அவரை அனுப்பிவிடும். இதற்கு ரீடைரக்ட் என்று பெயர். பத்து வருடமாக நான் எழுதிவருகிற ஒற்றை வரி. என் கணினியில் நூறு தடவை ஓட்டிப் பார்த்தேன், சொன்னபடி போனது. ஆனால் கல்லூரியின் சர்வரில் ஏற்றிய பிறகு ஒரு சோதனை விண்ணப்பம் போட்டுப் பார்க்க சூப்பிரண்டு விடவில்லை.

"போட்டுட்டு அழிச்சிர்றேன் சார்."

"அழிச்சாலும் நம்பர் போயிரும்மா. ஒண்ணாம் நம்பர் எங்கன்னு ஆளெடுக்கிற கமிட்டியில கேப்பாக. நான் என்னத்தச் சொல்ல?"

சர்வரிலேயே வேறொரு மூலையில் தனிப் பிரதி வைத்துச் சோதித்திருக்கலாம். தோன்றவில்லை. தோன்றாமல் போனதற்குக் காரணம் என் தலைக்கனம்தான், வேறொன்றுமில்லை.

முதல் நாள் காலையிலேயே போன் வர ஆரம்பித்தது. உதவி எண் என்று என் எண்ணைத்தான் கொடுத்திருந்தோம். அமுக்கினால் வெள்ளையாக ஒரு பக்கம் வருகிறது, எண் வரவில்லை என்றார்கள். நான் தரவுத்தளத்தைத் திறந்து பார்த்தேன். பதிவுகள் வந்துகொண்டுதான் இருந்தன. அப்புறம் என்ன என்று பழி முழுவதையும் ஊர் நெட்டின் தலையில் போட்டேன். 'திரும்ப ஒரு தடவ அனுப்புங்க' என்பது அப்போது பிடித்துக்கொண்டதுதான். சிலரிடம் எரிந்தும் விழுந்தேன். ஏழாவது விதி என் நினைவிலேயே இல்லை.

மூன்றாம் நாள் கீழே ஜெராக்ஸ் கடையில் ஒருவர் விண்ணப்பிப்பதைத் தற்செயலாகப் பார்த்தேன். அமுக்கினார். பக்கம் உடனே வந்தது, நெட்டில் ஒரு குறையுமில்லை. ஆனால் வந்தது வெறும் வெள்ளை. இரண்டிரண்டு படியாக மாடிக்கு ஏறினேன்.

அன்று முழுவதும் அந்த ஒற்றை வரியோடு மல்லுக்கட்டினேன். போக வேண்டிய பக்கத்தின் முகவரியை முழுதாக எழுதிப் பார்த்தேன். கோப்பின் கடைசியில் வெற்று வரி எதுவும் தங்கியிருக்கிறதா என்று தேடினேன். பிழைச் செய்திகளை வெளியாள் பார்க்கக் கூடாது என்று நானே அவற்றை அடைத்து வைத்திருந்ததால் சர்வர் எனக்கும் வாய் திறக்கவில்லை. கடைசியில் சர்வர்காரர்களிடம் கெஞ்சிப் பிழைப் பதிவேட்டை வாங்கினேன். அது நாலாம் நாள் காலையில் வந்தது. உங்கள் கோப்பின் முதல் வரியிலேயே வெளியீடு தொடங்கிவிட்டது, இனிமேல் வேறு பக்கத்துக்கு அனுப்ப முடியாது என்றது.

முதல் வரியைப் பார்த்தேன். பிள்ளையார் சுழி.

நான் பெரிய பக்தையெல்லாம் இல்லை. பள்ளிக்கூடத்தில் பரீட்சைத் தாளின் தலையில் போட்ட பழக்கம், கல்யாணத்துக்கு மளிகைப் பட்டியல் எழுதினாலும் கை தானாக 'உ' போட்டுவிட்டுத்தான் கீழே இறங்கும். கணினிக்கு வந்த பிறகும் விடவில்லை. ஒவ்வொரு கோப்பின் தலையிலும், பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாத குறிப்பாக ஒரு சுழி. படமும் எழுத்தும் காட்டுகிற பக்கங்களில் அதனால் ஒரு கெடுதலும் இல்லை. ஆனால் இந்தக் கோப்பு எதையும் காட்டாமல் ஆளை அனுப்பிவைக்க வேண்டியது. பந்தியில் இலையில் சோறு விழுந்த பிறகு வந்தவரைப் பார்த்து, 'உங்களுக்கு இங்கே இல்லை, அந்த ஹாலுக்குப் போங்க' என்று சொல்ல முடியாதல்லவா? கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் என் சுழி சோறுதான். என் கணினி எல்லாவற்றையும் கையில் வைத்திருந்து கடைசியில் பரிமாறுகிற வகை, அதனால் அங்கே குட்டு வெளிப்படவில்லை. கல்லூரியின் சர்வர் வந்ததை வந்தபடி பரிமாறிவிட்டது.

அந்த வரியை அழித்தேன். உடனே சரியாகிவிட்டது. சூப்பிரண்டுக்குப் போன் செய்து, "ஒரு சின்னத் திருத்தம் பண்ணிருக்கேன் சார்" என்றேன். "நல்லதும்மா" என்றார். அதோடு விட்டுவிட்டேன்.

கடைசித் தேதி முடிந்ததும் ஏழாவது விதிப்படி தள்ளுபடிப் பட்டியல் எடுக்கச் சொன்னார்கள். நாலைந்து பேர் இருப்பார்கள் என்று நினைத்தேன். திரையில் இழுக்க இழுக்கப் பெயர்கள் வந்தன. தேதியைப் பார்த்தேன். ஏறக்குறைய எல்லாம் அந்த முதல் நாலு நாட்கள். எனக்கு விளங்கிவிட்டது. எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். திரும்பி வந்து பட்டியலை அனுப்பினேன்.

அப்போதே சொல்லியிருக்கலாம். பயந்தேன். அந்தக் கல்லூரியின் அடுத்த வேலையும் எனக்கு வரும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். பட்டியலில் இருந்தவர்கள் எனக்கு வெறும் பெயர்களாக இருந்தார்கள்.

ஒரு வாரம் கழித்து மத்தியானம் ஒரு பெண் மாடியேறி வந்தாள். என் வயதுதான் இருக்கும். அலங்காநல்லூருக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம், இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். கல்லூரியில் கேட்டு என் முகவரியை வாங்கியிருக்கிறாள். ஒரு பள்ளிக்கூட ஆய்வுக்கூடத்தில் தற்காலிகமாக வேலை பார்க்கிறாளாம். இந்த வருடத்தோடு வயது வரம்பு முடிகிறது, இனி எங்கும் விண்ணப்பிக்க முடியாது என்றாள். தள்ளுபடி ஆனதை வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

"நான் மொதல்ல ஒரு தடவதான் மேடம் அமுக்குனேன். வெள்ளையா வந்துச்சு. பிரவுசிங் சென்டர்க்கார அண்ணே இன்னொருக்கா அமுக்குங்கன்னாரு. மாட்டேன்னுட்டேன். ஏழாவது ரூல படிச்சிருந்தேன்ல."

"அப்பறம் எப்பிடி ரெண்டு பதிவு வந்துச்சு?"

பதில் தெரிந்தே கேட்ட கேள்வி. அதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

அவள் போனை எடுத்து நீட்டினாள். என் எண்ணை 'அப்ளிகேஷன் மேடம்' என்று சேமித்து வைத்திருந்தாள். "ஒங்களுக்குத்தான் போட்டேன் மேடம். தள்ளுபடி ஆயிறாதான்னு கேட்டேன். அதெல்லாம் ஒண்ணும் ஆகாது, திரும்ப ஒரு தடவ அனுப்புங்கன்னு சொன்னீக."

அவள் குரலில் கோபமே இல்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

"கோளாறு என்னோடதுங்க. நீங்க சரியாத்தான் செஞ்சிருக்கீங்க" என்றேன்.

"அப்ப என் மேல தப்பு இல்லையா? என்னத்தையோ தப்பா அமுக்கிட்டேன்னு ஒரு வாரமா தூக்கமில்ல மேடம்" என்றாள். சொல்லும்போது அழுதுவிட்டாள். எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

அவள் போனதும் கல்லூரிக்குக் கடிதம் எழுதி நானே கொண்டுபோனேன். நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதியிருந்தேன். சூப்பிரண்டு இரண்டு முறை படித்தார்.

"பிள்ளையார் சுழி போட்டதால கெட்டுப்போச்சுன்னு கமிட்டிக்கு எப்பிடிம்மா அனுப்ப? தொழில்நுட்பக் கோளாறுன்னு போடுங்க. ஒங்களுக்கும் நல்லது."

"அப்பிடிப் போட்டா சர்வர் மேல பழி போயிரும் சார். திரும்ப அனுப்பச் சொன்னது நான்தானே? அதுவும் இருக்கட்டும்."

"ஒங்க இஷ்டம். பெறகு வருத்தப்படக் கூடாது" என்று சொல்லிவிட்டுக் கடிதத்தைக் கோப்பில் வைத்தார்.

பத்து நாள் இழுத்தடித்தார்கள். அந்தப் பத்து நாளும் போன் அடித்தாலே திக்கென்றிருக்கும். கடைசியில், முதல் நாலு நாட்களில் இரண்டு தடவை வந்தவற்றில் ஒன்றை ஏற்றுக்கொள்வதாகக் கமிட்டி முடிவு செய்தது. எனக்கு அங்கே இனி வேலை இல்லை என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, நானாகப் புரிந்துகொண்டேன்.

அன்றைக்கே அந்தப் பெண்ணுக்குப் போன் செய்தேன். "ஒங்க விண்ணப்பத்தச் சேத்துக்கிட்டாங்க. இன்டர்வியூவுக்குக் கடிதம் வரும்" என்றேன்.

"இப்ப நான் எதையும் அமுக்க வேணாம்ல மேடம்?"

"வேணாம்ங்க. ஒண்ணும் செய்ய வேணாம்."

பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டாள். "கோவிச்சுக்கிறாதீக மேடம். இத நீங்க சொல்றீகளா, காலேஜுல சொன்னாகளா?"

"காலேஜ்ல சொன்னாங்க" என்றேன்.

"சரி மேடம், அப்ப வச்சிர்றேன்" என்றாள்.